சம்பந்தி தூங்கிக்கொண்டே போன நாற்பது அடி

வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், ‘நல்ல கேள்வி, நாளைக்கு நீயே படிச்சிட்டு வந்து சொல்லு’ என்று திருப்பி விட்டுவிடுவோம். நான் இருபத்தெட்டு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவள். எனக்கு வியாதி முற்றிய நிலை. (மருந்து கிடையாது. பத்தியம் உண்டு என்கிறார்கள், நான் இருந்ததில்லை.)

விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு நானும் வீட்டுக்காரரும் ஒரு வண்டி வாங்கினோம். இருபது வயது தாண்டிய டீசல் வேன். ஊர் ஊராகக் கண் பரிசோதனை முகாமுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி என்பதால் உள்ளே ஏற்கெனவே ஒரு கட்டில், கை கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் இருந்தன. நாங்கள் ஒரு அடுப்பு, மெத்தை, பூப்போட்ட திரைச்சீலை சேர்த்தோம். மோட்டார் ஹோம் ஆகிவிட்டது. பார்வை பார்க்கும் எழுத்துகளை மட்டும் சுவரிலிருந்து சுரண்ட முடியவில்லை. கட்டிலில் படுத்தால் கால்மாட்டில் அ, ட, ப என்று சின்னதாகிக்கொண்டே போகும். ராசிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஊட்டு வண்டி’, அதாவது வீட்டு வண்டி.

வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரர். அதைப் பற்றிப் பேசுவது நான். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர் அவர், பேச்சு குறைவு. (கல்யாணத்துக்கு முன்பு நன்றாகப் பேசுவார் என்று அவர் தம்பி சொல்வார்.)

அந்த வண்டியின் செல்ப் மோட்டாரில் ஒருநாள் லேசாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற சின்ன மோட்டார்தான் செல்ப். அதன் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் வெளியே வந்து, இன்ஜினோடு இருக்கும் பெரிய சக்கரத்தின் பற்களைக் கடித்துச் சுற்றும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் உள்ளே போய்விடும். நெம்புகோல், முறுக்குவிசை, மின்காந்தம் எல்லாம் ஒரே டப்பாவுக்குள். பத்தாயிரம் தடவை கரும்பலகையில் வரைந்ததை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்கக் கூடாதா? போனில் நாலு வீடியோ பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, செல்பைக் கழற்றி, காய்ந்துபோன கிரீஸைத் துடைத்து, புது கிரீஸ் வைத்துத் திரும்பவும் மாட்டிவிட்டேன். வீட்டுக்காரர் டார்ச் அடித்தார். சாவியைத் திருப்பினால் கீச்சுச் சத்தம் போயே போய்விட்டது. அன்று சாயங்காலம் தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்து, எனக்கு ஏதோ விருது கிடைத்திருக்கிறது என்று எதிர்வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு நாமக்கல்லில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. அம்மா பெயர் சரசு. ஒல்லியாக, அமைதியாக, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ரகம். ‘எலக்ட்ரிக் கடை’ வைத்திருந்தார்கள், இப்போது அதைப் பெரிய மகன் பார்த்துக்கொள்கிறான் என்று தரகர் சொல்லியிருந்தார். நிச்சயத்தன்று பேச்சு வளர்க்க வேண்டுமே என்று சரசம்மாவிடம், எந்த ஃபேன் நல்லா உழைக்கும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூணு றெக்கை இருக்கறது நல்லதுங்க என்றார். எவ்வளவு அடக்கமான மனுஷி என்று வீட்டுக்கு வந்து மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் நெருங்க வேண்டும் என்பது என் திட்டம். ஊட்டு வண்டியில் நாலு பேரும் கொல்லிமலை போய், ஓர் இரவு தங்கி வருவது. மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா பொன்னுசாமி மிளகு விவசாயி. களத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம், மத்தியானச் சாப்பாடு நம்மூட்டில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புறப்பட்ட அன்று காலையில் சம்பந்தியும் சரசம்மாவும் ராசிபுரம் வந்து வண்டியில் ஏறினார்கள். சாவியைத் திருப்பியதும், ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வந்து, பிறகு இன்ஜின் பிடித்தது. புது கிரீஸ் செட்டாகும் சத்தம் என்று நான் பின்னால் திரும்பிச் சொன்னேன். சம்பந்தி தலையாட்டினார். சரசம்மா கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்பதுபோல் இருந்தார். மலைக்காற்றை ரசிக்கத் தயாராகிறார் என்று நினைத்தேன்.

பாதி வளைவு ஏறியதும் பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தினோம். திரும்பக் கிளப்பும்போது சத்தம் நீளமாக வந்தது. கரரரர்ரக் என்று, சோளத்தட்டை வெட்டும் இயந்திரத்தில் கல் மாட்டினாற்போல. நான் விடவில்லை. வண்டி வளைவு வளைவாக ஏற ஏற, செல்ப் சத்தங்களைப் பற்றி ஒரு முழு பாடமே எடுத்தேன். ‘டிக்’ என்று ஒரு தட்டு மட்டும் கேட்டால் கரண்ட் பத்தவில்லை. ‘ஙொய்ங்’ என்று சும்மா சுற்றினால் சின்னச் சக்கரம் வெளியே வரவில்லை. இன்ஜின் ஓடிய பிறகும் கத்தினால் அது உள்ளே போகவில்லை. ‘கரகர’ என்றால்...

அந்த இடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வீடியோவில் பாதியில் விளம்பரம் வந்துவிட்டது, நான் மேலே பார்க்கவில்லை. ஆகவே, கரகர என்றால் அது பல காரணிகளைப் பொறுத்தது என்று சொல்லி அடுத்த வளைவில் அழகாக முடித்தேன்.

மலைமேல் செம்மேட்டில் சந்தை நாள். காய் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால், மூன்று முறை கத்தி நாலாவது முறைதான் பிடித்தது. பலாப்பழம் விற்றவர் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். நான் இறங்கி ஹெட்லைட்டைப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஹார்ன் அடிக்கச் சொன்னேன், சந்தையே திரும்பியது. எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது, எனவே எர்த் ஒயர்தான் கெட்டிருக்கிறது என்று அறிவித்தேன். முதல் ‘எனவே’ சரி. இரண்டாவது ‘எனவே’க்கு மதிப்பெண் பூஜ்யம். எர்த் கெட்டிருந்தால் மோட்டார் சோர்ந்து முனகும், இப்படிப் பல்லை நறநறவென்று கடிக்காது. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

சரசம்மா அப்போது என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க டீச்சரம்மா, ஒருக்கா அடியில எட்டிப் பாத்தறலாங்களா?”

“அடியில ஒண்ணுமில்லீங்க. ஞாயித்துக்கிழமைதான் நானே கழட்டி மாட்டுனேன்” என்றேன். அவர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி வானத்தைப் பார்த்தார். வீட்டுக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, கொட்டாவி விட்டதாக மாற்றிக்கொண்டார்.

பொன்னுசாமி வீட்டுக் களம் விசாலமானது. சாலையிலிருந்து ஒரு சின்ன மேடு ஏறினால் சமதளம். அதில் பாதிக்குத் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார். களம் முடிகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்வரப்பு. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம், கீழே மரவள்ளித் தோட்டம். வண்டிக்கு ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் என்பதால், வீட்டுக்காரர் களத்தின் சாலைப் பக்க முனையில் நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, மேட்டில் பின்னால் உருண்டுவிடாமல் இருக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் கல்லும் வைத்தார். கியரில் இருக்கிறது என்று என்னிடம் சொன்னதாகவும் அவர் இன்றுவரை சாதிக்கிறார். சொல்லியிருப்பார். அவர் சொல்வது என் காதில் விழுவதற்கு ஒரு பதிவுத் தபால் நேரம் ஆகும்.

சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, மிளகு ரசம். சம்பந்தி மூன்றாவது தடவை சோறு வாங்கும்போதே கண் பாதி மூடியிருந்தது. கை கழுவிக்கொண்டு நேராக வண்டிக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தவர், எழுத்துகளை ‘ட’ வரைக்கும்கூடப் படித்திருக்க மாட்டார். குறட்டை களம் முழுக்கக் கேட்டது.

எனக்குக் கை அரித்தது. வண்டியின் பக்கவாட்டில் இருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்து, எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டினேன். பொன்னுசாமி பக்கத்தில் குந்தி மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சரசம்மா தார்ப்பாய் ஓரம் உட்கார்ந்து, பொன்னுசாமியின் மனைவியோடு மிளகில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் நின்று முகம் கழுவினார்.

இனி சோதனை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வெளியே நின்று கேட்டால்தான் தெரியும். (அறிவியல் மனப்பான்மை.) அதனால் நான் ஏறி உட்காரவில்லை. டிரைவர் பக்கம் தரையில் நின்றபடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

கரரர்ரக் என்று ஒரு கடி. அப்புறம் செல்ப் எப்படியோ பல்லைப் பிடித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இன்ஜின் உயிர்பெற்றது. ‘பாத்தீங்களா, எர்த்’ என்று சொல்ல நான் பொன்னுசாமி பக்கம் திரும்பினேன். திரும்பும்போதே என் கை தோளிலிருந்து இழுபட்டது. வண்டி ஃபர்ஸ்ட் கியரிலேயே நடக்க ஆரம்பித்திருந்தது.

வேகமாக இல்லை. கோயிலுக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி, நிதானமாக, எதைப் பற்றியும் கவலை இல்லாமல் போனது. நானும் கூடவே போனேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். அணையவில்லை. பழைய டீசல் வண்டிகளில் சாவியை எடுத்தாலும் இன்ஜின் ஓடும். டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டாப்பர் என்று ஒரு குமிழ் இருக்கும், அதை இழுத்தால்தான் டீசல் நிற்கும். அது எனக்குத் தெரியும். வண்டி வாங்கிய அன்று எதிர்வீட்டுக்காரருக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் செய்தது, இன்னொரு தடவை சாவியைத் திருப்பியது. அப்புறம் வண்டியிடம், நில்லு நில்லு என்று சொன்னது. வகுப்பில் அந்தக் குரலுக்கு நாற்பது பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள்.

பின்னால் வீட்டுக்காரர் பின்புற ஏணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கால் சறுக்கியபடி வந்தார். முன்சக்கரம் தார்ப்பாயில் ஏறியது. காய்ந்த மிளகு படபடவென்று நொறுங்கும் சத்தம், கூடவே ஒரு நெடி. கட்டிலில் சம்பந்தியின் குறட்டை மாறவேயில்லை. வரப்பு கிட்டே வந்துகொண்டிருந்தது. எனக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாவை மரவள்ளித் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டது யார் என்று பத்திரிகையில் எப்படிப் போடுவார்கள் என்றுகூட யோசித்தேன். கையும் காலும் வேலை செய்யாதபோது மூளை இப்படியெல்லாம் வேலை செய்யும்.

அப்போது எதிர்ப்பக்கம் ஒரு சேலை பறந்தது. சரசம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்து, ஓடுகிற வண்டியின் இடது கதவைத் திறந்து, ஒரே தாவில் உள்ளே ஏறினார். இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் இன்ஜின் மூடியில் முட்டி போட்டுக் குனிந்தார். எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. குமிழை இழுத்தார். வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றது.

வரப்புக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் இரண்டு எட்டு இடம் இருந்தது.

நொறுங்கிய மிளகின் தூள் எல்லோர் மூக்கிலும் ஏறி, களத்தில் நின்ற நாய் உட்பட எல்லோரும் வரிசையாகத் தும்மிக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணில் வந்த தண்ணீர் மிளகால் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று.

சரசம்மா கியரை நியூட்ரலில் தள்ளி, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைக்கச் சொல்லி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு சாக்கை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். அவர் படுத்த விதத்தில், தலை எங்கே வைக்க வேண்டும், கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்திருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடியிலிருந்தே குரல் வந்தது.

“செல்ப் ரெண்டு போல்ட்ல நிக்கோணுமுங்க. கீழ போல்ட் கழண்டு எங்கியோ உழுந்துருச்சு. மேல் போல்ட்டும் தொங்குது. மோட்டாரு கோணிக்கிட்டு நின்னா பல்லும் பல்லும் நேரா சேராதுங்க. அதானுங்க இந்தக் கத்து கத்துது.”

எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுசாக நினைவுக்கு வந்தது. மேல் போல்ட்டை மாட்டி முறுக்கினேன். கீழ் போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டவில்லை. விரலால் நாலு சுற்று சுற்றினேன். அப்போது குக்கர் விசில் அடித்தது. எத்தனையாவது விசில் என்று தெரியாமல் எழுந்து ஓடினேன். திரும்பி வந்தபோது சாவியைத் திருப்பிப் பார்த்தேனே தவிர, அடியில் பார்க்கவில்லை. மலை ஏறின வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி அந்த போல்ட் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் சரசம்மா அடியில் படுத்துக்கொண்டு என் தப்பைச் சரிசெய்யும்போது மேலே நின்று வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நானும் புழுதியில் உட்கார்ந்து குனிந்து, “அது நான்தானுங்க. விரலால சுத்திட்டு மறந்துட்டேன்” என்றேன். என் வாழ்க்கையில் இத்தனை சின்ன விடையை நான் எழுதியதில்லை.

பொன்னுசாமி தன் ஜீப்பின் டூல் பெட்டியைத் தேடி, அதே அளவில் ஒரு போல்ட் கொண்டுவந்தார். கொஞ்சம் நீளம் அதிகம் என்று சரசம்மா இரண்டு வாஷர் கேட்டு வாங்கிப் போட்டார். இந்தத் தடவை ஸ்பேனர் எட்டியது. எனக்கு எட்டாதது, கையை எந்தப் பக்கமாக விட வேண்டும் என்று தெரியாததால்தான். பெரிய சக்கரத்தில் இரண்டு பல்லின் ஓரம் கடிபட்டிருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இறங்குவதற்குப் பயமில்லை என்றார். பேட்டரியை இணைத்து, நியூட்ரலா என்று மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகு, வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். துளி சத்தம் இல்லை. இன்ஜின் தொட்டதும் பிடித்தது.

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களுடைய ‘எலக்ட்ரிக் கடை’யில் ஃபேனும் இல்லை, பல்பும் இல்லை. நாமக்கல்லில் லாரிகளுக்குச் செல்ப், டைனமோ பார்க்கிற பட்டறை அது. சரசம்மா பதினெட்டு வருடம் அங்கே உட்கார்ந்து செல்ப் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றியிருக்கிறார். காலையில் ராசிபுரத்தில் வந்த முதல் ‘கர்ர்’ருக்கே போல்ட் லூஸ் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இடையில் நான் கொல்லிமலையின் எழுபது வளைவில் பாதிக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த கிரீஸைச் சாக்கில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“பொண்ணு குடுக்கறவங்க ஆசையா சொல்லிட்டு வாரீங்க. நடுவால பூந்து தப்புன்னு சொன்னா நல்லாருக்குங்களா? நாஞ் சொல்லியிருக்கோணும். இன்னொரு நிமிசம் போயிருந்தா எங்கூட்டுக்காரரு போயிருப்பாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் கண்ணில், பிறகு தோளில், பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. பொன்னுசாமியிடம் மிளகுக்காக மன்னிப்புக் கேட்டால், இடிக்கற வேல மிச்சமுங்க என்று சொல்லி, அந்தத் தூளையே ஒரு டப்பாவில் அள்ளிக் கொடுத்தார்.

இவ்வளவு நடந்த பிறகு சம்பந்தி எழுந்தார். லாரிப் பட்டறை இரைச்சலில் முப்பது வருடம் மத்தியானத் தூக்கம் பழகியவர். கதவைத் திறந்து நின்று நெட்டி முறித்தார். தூங்கப் போகும்போது இடது பக்கம் பலாமரம் இருந்தது, இப்போது அது பின்னால் இருக்கிறது. முன்னால் வெறும் ஆகாயம். வீட்டுக்காரரும் சரசம்மாவும் நானும் புழுதியும் கிரீஸுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டு, “ஏனுங்க, ஊட்டை நவுத்தி வெச்சீங்களா?” என்று கேட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சரசம்மா இப்போது எனக்குச் சரசு, நான் அவருக்கு அக்கா. வண்டியில் எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் அவருக்குப் போன் போட்டு, போனை இன்ஜின் பக்கம் நீட்டிவிட்டு, நான் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். இந்த வயதில் கற்றுக்கொண்ட பாடங்களில் கடினமானது இதுதான்.

ஆனால் சம்பந்தி விடவில்லை. கல்யாண வரவேற்பில் தன் சொந்தக்காரர்களுக்கு என்னை அறிமுகம் செய்யும்போது, இவங்கதான் சம்பந்தியம்மா என்று நிறுத்தவில்லை. “தூங்கிட்டிருந்தவனை எழுப்பாமயே மலை சுத்திக் காட்டுனவங்க” என்று சேர்த்துக்கொண்டார். அன்று வண்டி போன தூரம் நூறு அடி என்றார். நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன், நாற்பதுதான் என்று அங்கேயே திருத்தினேன். பேத்திக்குப் பெயர் வைத்த அன்று அது இரண்டு பர்லாங் ஆனது. அப்போதும் திருத்தினேன். போன மாதம் காது குத்துக்கு வந்த கூட்டத்தில் வண்டி செம்மேடு சந்தை வழியாகப் போய், காய் வாங்கிக்கொண்டு, அருவிக்கரை வரைக்கும் போய்விட்டது. மூன்று வயதாகிவிட்ட பேத்தி கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிஜமா ஆத்தா என்று என்னிடம் வந்து கேட்டாள்.

ஆமாம் கண்ணு, அருவியில் தாத்தா குளிக்கக்கூடச் செய்தார் என்று சொல்லிவிட்டேன்.